சால்மன் பை, பதினோரு மாதம் போட்ட பிறகு

இந்தச் சால்மன் நாய் உணவின் விலை இறங்கியதிலிருந்து "இப்போ வாங்கலாமா?" என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். மாட்டிறைச்சியும் பாலும் ஒத்துக்கொள்ளாத லேப்ரடாருக்குப் பதினோரு மாதமாக இதைத்தான் போடுகிறேன்.

நாய் தட்டை மிச்சம் வைப்பதில்லை. மலம் கெட்டியாகப் போகிறது, முடி மினுமினுக்கிறது. காதில் அடித்த புளித்த வாடை நின்றுவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பட்டியல் வேண்டும். சேர்மானப் பட்டியலின் மேலேயே இறக்குமதியாளரின் விலை ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டி, மூலையிலிருந்து மெல்ல உரித்தால்தான் எழுத்து தெரியும். முதல் பையில் ஐந்தாவதாக "கோழிக் கொழுப்பு" இருந்தது. ஏழாவது மாதப் பையில் அதே இடத்தில் "அனிமல் ஃபேட்". பெயர், படம், நிறம் எதுவும் மாறவில்லை. எந்த விலங்கின் கொழுப்பு? ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் புரதம்தான்; சுத்திகரித்த கொழுப்பில் அது மிகக் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயரைச் சொல்லாமல் மாற்றியவர்கள் நாளை வேறு எதையும் மாற்றுவார்கள்.

அமெரிக்காவில் தீவனச் சேர்மானங்களுக்கு வரையறை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின்படி "மீட் மீல்" (உருக்கி உலர்த்திய இறைச்சித் தூள்) என்றாலே பாலூட்டிகளின் திசுதான், மாடாகவும் இருக்கலாம்; கோழியென்றால் "பவுல்ட்ரி மீல்" என்று தனியாக வரும். "அனிமல் டைஜஸ்ட்" (விலங்குத் திசுவைக் கரைத்துச் செய்யும் சுவையூட்டி) எதிலிருந்து வந்தது என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. முன்பக்கத்தில் "வித் சால்மன்" என்று போட அங்கே 3% சால்மன் போதும். மீதி எதுவாகவும் இருக்கலாம்.

பையைச் சரிபார்த்துவிட்டு மற்றதைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். மெல்லும் எலும்பு என்று விற்பது பெரும்பாலும் மாட்டுத் தோல். இதயப்புழு மாத்திரைகள் சிலவற்றில் மாட்டிறைச்சிச் சுவை இருக்கும், மீன் எண்ணெய் கேப்சூலின் உறை மாட்டு ஜெலட்டினாக இருக்கலாம். சுவை சேர்க்காத மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பாட்டி பாசத்தோடு வைக்கும் ஒரு பிடி தயிர்சாதமும் பால்தான். நாய்களின் உணவு ஒவ்வாமையில் மாட்டிறைச்சிக்கு அடுத்த இடம் பால் பொருட்களுக்கு. 2016-இல் வந்த தொகுப்பாய்வில், உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் மாட்டிறைச்சிக்கு 34%, பாலுக்கு 17%, கோழிக்கு 15%.

ஒவ்வாமை எதற்கென்று இன்னும் தெரியாதவர்கள் இதை வைத்துச் சோதிக்க வேண்டாம். கடை உணவுகள் பலவற்றில் லேபிளில் இல்லாத விலங்கின் டி.என்.ஏ. ஆய்வுகளில் அகப்பட்டிருக்கிறது, ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து ஓட்டினால் கலக்கத்தான் செய்யும். டாக்டர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு உணவை (புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்தது) மட்டும் 8 வாரம் கொடுங்கள், இடையில் ஒரு பிஸ்கட்கூட இல்லாமல். அரிப்பு அடங்கியதும் பழைய உணவைத் திரும்பப் போட்டு இரண்டு வாரம் பாருங்கள். அரிப்பு திரும்பினால்தான் உறுதி.

இவ்வளவு நன்றாக ஒத்துப்போன உணவுதான். இருந்தாலும் அடுத்த பை நான் வாங்கப் போவதில்லை. நீங்கள் வாங்குவதானால், கடைக்காரரிடம் அவர் கையிலிருக்கும் அதே பேட்ச்சின் ஸ்டிக்கரை உரித்துப் பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாத கடைக்குப் பணம் கட்ட வேண்டாம்.