ஒரு தகப்பன், ஒரு ஓநாய்: காட் ஆஃப் வாரும் செகிரோவும் முடித்த பிறகு

இரண்டு கேம்களையும் அடுத்தடுத்து முடித்து ஒரு வாரம் ஆகிறது. முதலில் 2018-இல் வந்த காட் ஆஃப் வார், அதன்பின் 2019-இல் வந்த செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ். இரண்டுமே அந்தந்த ஆண்டில் தி கேம் அவார்ட்ஸ் மேடையில் சிறந்த கேமுக்கான விருதை வாங்கியவை. இரண்டிலும் ஒரு முரட்டு மனிதன், அவன் காக்க வேண்டிய ஒரு சிறுவன், அந்தச் சிறுவனின் ரத்தத்தில் ஒரு ரகசியம். இரண்டிலும் பிள்ளை பெற்றவரையோ வளர்த்தவரையோ எதிர்த்து நிற்கிறது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டின் முடிவையும் சொல்லித்தான் இதை எழுத முடியும். இனிமேல்தான் விளையாடப்போகிறீர்கள் என்றால் முடித்துவிட்டு வந்து வாசியுங்கள்.

முதல் பெரிய சண்டையிலிருந்து தொடங்குகிறேன். காட் ஆஃப் வாரில் கிரேக்க நாட்டிலிருந்து வந்த போர்க் கடவுள் கிராட்டோஸ் தன் மனைவி ஃபேயை எரித்துச் சாம்பலைப் பையில் கட்டியிருக்கிறான். மகன் அட்ரியஸுடன் வேட்டைக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒல்லியாக, சட்டை இல்லாமல், உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒருவன். சண்டை தொடங்கினால் கூரை பிய்கிறது, மரங்கள் முறிகின்றன, தரையே பிளக்கிறது. எவ்வளவு அடித்தாலும் அவனுக்கு வலிப்பதில்லை. அவனே அதைச் சொல்லிச் சீண்டுகிறான். அவன்தான் பால்டர். தாய் ஃபிரேயா போட்ட மந்திரத்தால் சாவும் கிடையாது, வலியும் கிடையாது, உண்ணும் உணவின் ருசியும் கிடையாது என்பது வெகுநேரம் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த முதல் சண்டையிலேயே, நம் அடி எதுவும் அவனைத் தொடவில்லை என்ற எரிச்சல் விரல்களில் ஏறிவிடுகிறது. கதையின் முடிச்சை வசனத்துக்கு முன்பே கைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

செகிரோவின் முதல் பெரிய சண்டை நிலா வெளிச்சத்தில், நாணல் பூத்த வெளியில் நடக்கிறது. ஓநாய் என்று அழைக்கப்படும் நிஞ்சா, தன் சின்ன எஜமான் குரோவை அழைத்துக்கொண்டு தப்பிக்கும்போது கெனிசிரோ அஷினா வழி மறிக்கிறான். அடிப்படையை மட்டும் காட்டிவிட்டு இங்கே தள்ளிவிடுகிறார்கள். நான் தோற்றேன், ஓநாயின் இடது கை போனது. அப்புறம் தெரிந்துகொண்டேன், ஜெயித்தாலும் கை போகத்தான் செய்யும். அப்போது அநியாயமாகப் பட்டது. நாற்பது மணி நேரம் கழித்து, கடைசிச் சண்டைக்கு அதே நாணல் வெளிக்குத் திரும்பியபோதுதான் ஏன் அப்படி வைத்தார்கள் என்று புரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செகிரோவின் சண்டை முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் கதை அங்கேதான் இருக்கிறது. எதிரிக்கு உயிர்க் கோடு ஒன்று, அவன் எவ்வளவு தடுமாறியிருக்கிறான் என்று காட்டும் போஸ்ச்சர் கோடு ஒன்று. வெட்டியும், அவன் வெட்டைச் சரியான நொடியில் தட்டியும் போஸ்ச்சரை நிரப்பினால் அவன் நிலைகுலைவான். ஒரே குத்தில் முடிக்கலாம். நாம் பயந்து விலகி நின்றால் அந்தக் கோடு மெல்ல வடிந்துவிடும். அவன் உயிர் நிறைய மிச்சமிருந்தால் இன்னும் வேகமாக வடியும். ஓடி ஒதுங்கி, சமயம் பார்த்து ஒரு வெட்டு வெட்டிப் பழகியவர்களை இந்த கேம் தண்டிக்கும். நெருங்கி நின்று வாளோடு வாள் மோதுகிற சத்தத்தில் தாளம் பிடிக்க வேண்டும். தயங்கினால் தோல்வி என்று கெனிசிரோவின் தாத்தா, கிழவர் இஷின் சொல்வது வெறும் வீர வசனம் அல்ல. அது அந்தச் சண்டை முறையின் ஒரு வரி விளக்கம்.

கோட்டை உச்சியில் கெனிசிரோவை மறுபடி சந்திக்கும் இடம்தான் எனக்கு முதல் திறப்பு. இரண்டு முறை அவனை வீழ்த்திய பிறகும் எழுகிறான். கவசத்தைக் கழற்றி வெறும் மார்போடு, மின்னலை வாளில் வாங்கி அடிக்கிறான். அந்த மின்னலை நாம் ஆகாயத்தில் இருக்கும்போது வாங்கி, கால் தரையில் படுமுன் அவனுக்கே திருப்பி வீச வேண்டும். முதல் முறை அது நடந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் இன்று நினைத்துப் பார்த்தால் மனதில் நிற்பது மின்னல் அல்ல. அழியப்போகும் தன் நாட்டைக் காப்பாற்ற எந்தப் பாவத்துக்கும் துணிந்தவன் அவன். விழுந்தும் எழுகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பிடிவாதத்தை நாம் எதிரில் நின்று பார்க்கிறோம். அவனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இவ்வளவு தெரிந்திருக்காது.

காட் ஆஃப் வார் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக நகரும் கேமரா, கிராட்டோஸின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. கதை படகிலும் நடையிலும் வளர்கிறது. மிமிர் என்ற ஞானியின் வெட்டிய தலை இடுப்பில் தொங்கிக்கொண்டு கதை சொல்லும். நாம் கரை ஏறினால் பாதியில் நிறுத்தி, படகுக்குத் திரும்பியதும் விட்ட இடத்தில் தொடரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் வேலை எதுவும் இல்லாமல் ஏரியைச் சுற்றியிருக்கிறேன். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'பையா' என்றே அதட்டுகிற தகப்பன், மகன் தோளில் வைக்கத் தூக்கிய கையைத் தொடாமலே இறக்கும் ஒரு கணம் தொடக்கத்திலேயே வருகிறது. அந்தக் கை எப்போது உண்மையில் தோளில் படும் என்றுதான் முழுக் கேமையும் விளையாடினேன்.

ஆனால் பெரிய எதிரிகளோடு மோதும் பாஸ் சண்டைகள் என்று எடுத்தால் நடுப்பகுதி மெலிந்துவிடுகிறது. பூதம் ஒன்று கல் தூணைத் தூக்கிக்கொண்டு வரும். அடுத்த ஊரில் அதே பூதம் வேறு நிறத்தில் வரும். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதற்குப் பிறகு எனக்கு ஆர்வமே போய்விட்டது. மலையில் வரும் டிராகன் கண்ணுக்கு விருந்து, கைக்கு அவ்வளவு வேலை இல்லை. தோரின் மகன்கள் மாக்னி, மோடி சண்டை நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் கதை திரும்பும் இடம் சண்டைக்குப் பின்னால், காட்சியில்தான் வருகிறது. ஓடிப்போனதற்காகத் தோரிடம் அடி வாங்கி நொறுங்கி நிற்கும் மோடியை அட்ரியஸ் கத்தியால் குத்துகிறான். கிராட்டோஸ் வேண்டாம் என்கிறான், பையன் கேட்கவில்லை. பயங்கரமான காட்சி. அந்தக் கத்தி என் கையில் இல்லை.

கை பேசும் இடங்கள் இந்தக் கேமிலும் உண்டு. அட்ரியஸ் நோயில் விழும்போது, அதுவரை அவனை அம்பு விடச் சொல்லி அழுத்திய பட்டனுக்குப் பதிலே வராது. பழக்கத்தில் விரல் அதைத் தேடும், யாரும் இல்லை. அதற்கான மருந்து செத்தவர்களின் உலகமான ஹெல்ஹைமில். அங்கே பனிக் கோடரி பயன்படாது என்பதால் கிராட்டோஸ் வீட்டுக்குத் திரும்பி, தரைக்கு அடியில் புதைத்து வைத்த பழைய கத்திகளை எடுக்கிறான். கிரேக்க மண்ணில் அவன் செய்த எல்லாக் கொலைகளும் ஒட்டியிருக்கும் கத்திகள். கிரேக்கத் தெய்வம் அதீனாவின் உருவம் எதிரில் நின்று, நீ என்றும் ஓர் அரக்கன்தான் என்கிறது. அவன் மறுக்கவில்லை, ஆனால் உன்னுடைய அரக்கன் இல்லை என்கிறான். அப்புறம் அந்தக் கத்திகளை முதன்முதலாகச் சுழற்றும்போது ஆட்டக்காரனுக்கு வரும் கிளர்ச்சியும் அவனுக்கு வரும் வெட்கமும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இந்த இடத்துக்கு இணையான ஒன்று செகிரோவில் எனக்குக் கிடைக்கவில்லை.

காட் ஆஃப் வாரின் உண்மையான பாஸ்கள் வால்கிரிகள் என்ற சிறகு முளைத்த போர்ப் பெண்கள். மொத்தம் ஒன்பது பேர், கட்டாயம் இல்லை. எட்டுப் பேரிடம் தனித்தனியாகக் கற்றதை எல்லாம் ராணி சிக்ரன் ஒரே சண்டையில் கேட்பாள். இரண்டு இரவு போனது. செகிரோவின் நல்ல சண்டைகளுக்குப் பக்கத்தில் தைரியமாக வைக்கலாம். என் குறை ஒன்றுதான்: இவ்வளவு உழைப்பும் தகப்பன்-மகன் கதைக்கு வெளியே கிடக்கிறது. அவளைத் தொடாமலேயே கேமை முடித்துவிடலாம், எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றாது.

இப்போது ஆந்தை. போர்க்களத்தில் அநாதையாகக் கிடந்த ஓநாயை எடுத்து வளர்த்தவர். இறந்துவிட்டார் என்று நம்பியிருந்தோம். கோட்டை உச்சியில் உயிரோடு நிற்கிறார். குரோவைக் கைவிடு என்கிறார். தகப்பன் சொல்லே முதல் விதி, அதற்கு அடுத்துத்தான் எஜமான். இதைச் சொல்லித்தான் வளர்த்தார். திரையில் இரண்டே தேர்வுகள். மறுத்தால் அவரோடு சண்டை. அவர் பட்டாசு எறிகிறார், மருந்து வேலை செய்யவிடாமல் தடுக்கும் புகையை விடுகிறார். நாம் வைத்திருக்கும் தந்திரங்களைப் போலவே அவரிடமும் இருக்கின்றன, அவரிடமிருந்துதானே கற்றோம். அவர் விழுந்தபோது எனக்கு வெற்றி என்று தோன்றவில்லை. பிறகு ஹிராட்டா மாளிகையின் நினைவுக்குள் இன்னொரு முறை போனால், மூன்று வருடங்களுக்கு முன் ஓநாயை முதுகில் குத்தியதே அவர்தான் என்பது தெரியவரும். அங்கே இன்னும் வலுவான ஆந்தையோடு மோத வேண்டும். தகப்பன்-மகன் உறவை இந்த கேம் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசியிருக்காது. பேச வேண்டியதை வாள்கள் பேசிவிட்டன.

கடைசிச் சண்டைகளுக்கு வருகிறேன். பால்டரின் மந்திரம் உடைவது ஒரு சின்ன அம்பு முனையால். அட்ரியஸின் அம்புக்கூட்டின் வார் அறுந்தபோது தைக்கப் பயன்படுத்திய புல்லுருவி அம்பு அது. பால்டர் பையனின் மார்பில் குத்த, முனை அவன் கையில் ஏறுகிறது. நூறு வருடத்துக்குப் பிறகு வலி. அவன் சிரிக்கிறான். அதே ஆளை மறுபடி அடிக்கிறோம், இப்போது ஒவ்வோர் அடியும் அவனுக்குப் போய்ச் சேர்கிறது, அதை அவன் கொண்டாடுகிறான். முதல் சண்டையின் எரிச்சலுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. தாயின் கழுத்தை நெரிக்கப் போகும் அவனைக் கிராட்டோஸ் கொல்ல, காப்பாற்றப்பட்ட தாயே அவனைச் சபிக்கிறாள். தானும் தன் தகப்பன் சியூஸைக் கொன்றவன் என்பதைக் கிராட்டோஸ் மகனிடம் ஒப்புக்கொள்வது அப்போதுதான்.

செகிரோவில் அந்த நாணல் வெளி. கெனிசிரோ கறுப்பு வாளால் தன் கழுத்தையே அறுத்துக்கொள்ள, அவன் உடம்பிலிருந்து இஷின் இளமையோடு எழுகிறார். வாள், பிறகு ஈட்டியும் துப்பாக்கியும், பிறகு மின்னல். மூன்று இரவுகள். நான்காவது இரவில் கை தானாகத் தட்ட ஆரம்பித்தது. கை போன அதே மண்ணில், அதே விரல்கள். கோட்டை உச்சியில் கற்ற மின்னலைத் திருப்பும் வித்தையும் அங்கே வந்து உதவியது.

கதை மட்டும் வேண்டும் என்றால் தயங்காமல் காட் ஆஃப் வார். சிரமத்தைக் குறைக்க அதில் வழி உண்டு. கதைக்காக மட்டும் விளையாட ஒரு நிலையே வைத்திருக்கிறார்கள். செகிரோவில் அப்படி எதுவும் இல்லை. கெனிசிரோவிடமே நின்றுபோனவர்களுக்கு ஆந்தையின் துரோகமும் குரோவின் முடிவும் தெரியாமலே போகும். அது எனக்கு உண்மையான வருத்தம். என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதையை நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, வாயால் சொன்னால் அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் என் இடம் செகிரோ பக்கம்தான். கிராட்டோஸின் கதையை நான் பார்த்தேன், ஓநாயின் கதையை நான் செய்தேன்.

நேற்று இரண்டாம் சுற்றில் கோட்டை உச்சிக்கு வந்து, இம்முறை ஆந்தையின் சொல்லைக் கேட்டேன். குரோவைக் கைவிட்டேன். எம்மா வாளை உருவிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். இத்தனை நாளும் விதை கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க என் மருந்துக் குடுவையைப் பெரிதாக்கித் தந்தவள். முதல் வெட்டை அவள் வைத்தாள், நான் தட்டினேன். திருப்பி வெட்டக் கை வரவில்லை. இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.