பதினோரு இலக்கப் பெட்டிக்குள் பதினைந்து எழுத்து: டாட் மேட்ரிக்ஸோடு என் அனுபவம்

வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். 2014-ல் வாங்கிய 9 பின் (ஊசி), 80 காலம் (வரிக்கு 80 எழுத்து) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் என் மேஜை ஓரத்தில்தான் கத்திக்கொண்டிருக்கிறது. லேசர் வாங்கக் கூடாதா என்று கேட்காத ஆள் இல்லை. எல்.ஆர். (லாரி ரசீது) மூன்று பிரதி வேண்டும்: சரக்கு போடும் பார்ட்டிக்கு, டிரைவருக்கு, ஆபீஸ் ஃபைலுக்கு. கார்பனில் குத்திப் பதிக்க ஊசி இருந்தால்தான் ஆகும்.

முதல் மூன்று வருடம் எழுத்து இடைவெளியைப் பற்றி யோசித்ததே இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. பழைய டின் (வாட் வரிப் பதிவு) நம்பர் 11 இலக்கம், ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. அலமாரி நிறைய பழைய எல்.ஆர். ஃபாரம் அச்சடித்து வைத்திருந்தோம். "இது தீர்ற வரைக்கும் புதுசு கிடையாது தம்பி" என்றுவிட்டார் முதலாளி. "அப்போ பிரிண்டர்ல சிபிஐ மாத்தணும் சார்" என்றேன். திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஓர் அங்குலத்துக்கு எத்தனை எழுத்து என்ற கணக்கு அது என்று சொன்ன பிறகுதான் டீயைக் குடித்தார்.

சாதாரணமாக 10 சிபிஐ. 15 எழுத்துக்கு ஒன்றரை அங்குலம் வேண்டும், எங்கள் பெட்டியோ ஒன்றேகாலுக்கும் கொஞ்சம் குறைவு. 12 சிபிஐ-யில் கடைசி எழுத்து கோட்டின் மேல் ஏறியது. கன்டென்ஸ்டு (நெருக்கிய எழுத்து) போட்டேன், அதாவது அங்குலத்துக்கு 17 சொச்சம். பெட்டிக்குள் அடங்கியது. ஆனால் அதே வரியில் அடுத்து வரும் தேதி இடப்பக்கம் நகர்ந்து, காலத்தின் நடுவே தொங்கியது. காரணம் புரிய இரண்டு நாள் பிடித்தது. 15 எழுத்து அந்த அளவில் முக்கால் அங்குலத்துக்கு மேல், 10 சிபிஐ கணக்கில் எட்டே முக்கால் காலம்தான். முழுக் காலத்துக்குக் குறையும் கால்வாசியை ஸ்பேஸ் தட்டி நிரப்ப முடியாது.

15 சிபிஐ-யில் 15 எழுத்து சரியாக ஓர் அங்குலம், பழைய கணக்கில் முழு 10 காலம். தேதி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் ஃபாக்ஸ்ப்ரோ (பழைய டேட்டாபேஸ் மென்பொருள்) ப்ரோகிராமில் நம்பருக்கு முன்னால் பிரிண்டருக்கு 27, 103 என்ற கட்டளை எண்களை அனுப்பினேன், அது 15 சிபிஐ. முடிந்ததும் 27, 80, அது பழையபடி 10 சிபிஐ. எப்சன் கட்டளை புரிந்து, 15 சிபிஐ-யும் அடிக்கும் பிரிண்டருக்கு இது போதும். 2018 ஏப்ரலில் ஈ-வே பில் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) வந்தபோது பதறவில்லை. 12 இலக்கம், 12 சிபிஐ (27, 77), அதுவும் சரியாக ஓர் அங்குலம். சின்ன எழுத்தைத் தேடாதீர்கள், முழுக் காலத்தில் முடிகிற எழுத்தைத் தேடுங்கள்.

லாரி நம்பருக்கு நேர்மாறான தொல்லை. எழுத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர். அங்கே 27, 32, 12. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் 12/120 அங்குலம் கூடுதல் இடம். பத்தாவது எழுத்துக்குள் முக்கால் மில்லிமீட்டர் போலத் தள்ளிப்போகும், கண்ணுக்குத் தெரியாது. 11 போட்டுப் பார்த்தேன், அது இன்னும் மோசம்.

ஒருமுறை 27, 80-ஐ விட்டுவிட்டேன். அன்று மாலை லோடு ஏறுகிற அவசரத்தில் நாற்பது எல்.ஆர். இடப்பக்கமாகச் சுருங்கி வந்தது. டிரைவர்கள் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு எல்.ஆர். தொடக்கத்திலும் 27, 64, பழசெல்லாம் துடைத்துவிடும்.

குறையும் உண்டு. மூன்றாம் பிரதியில் 15 சிபிஐ எழுத்து மங்கும், 8-ம் B-யும் ஒன்றுபோல் தெரியும். பேப்பர் தடிமன் லீவரை ஒரு படி குறைத்து, ரிப்பனைக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றினேன், ஓரளவு தேறியது. பூஜ்யத்துக்குக் குறுக்குக் கோடு போடும் செட்டிங்கையும் ஆன் செய்துவிடுங்கள், O-வோடு குழம்பாது. விண்டோஸில் வழக்கமான பிரிண்டர் டிரைவர் மென்பொருள் வழியாக அடித்தால் இந்த எண்கள் பலிக்காது, டெக்ஸ்ட் ஒன்லி டிரைவர் போட வேண்டும். தமிழ் எழுத்துக்கு இந்த வித்தை எதுவும் ஆகாது, அது படமாகத்தான் போகும், மெதுவாக.

பழைய ஃபாரம் ஒருவழியாகத் தீர்ந்து, புதியதில் ஜிஎஸ்டி பெட்டியை அகலமாகப் போட்டு வாங்கினோம். ஈ-வே பில் பெட்டியை மட்டும் அச்சகத்தில் சின்னதாகவே விட்டுவிட்டார்கள், அதனால் 27, 77 இன்றும் ஓடுகிறது.