கிரஷர் வளாகத்துக்கு வண்டல் தடுப்புத் துணி: ஒரு மதிப்பீடு

வடகிழக்குப் பருவமழையின்போது எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) குவியல்களிலிருந்து அடித்துச் செல்லப்படும் சேறு ஓடையில் கலக்காமலிருக்க, சரிவின் அடியில் கட்டப்படும் இந்த ஜியோடெக்ஸ்டைல் (நீரைக் கசியவிடும் செயற்கை இழைத்) துணி வேலி, அதன் எல்லைகளை அறிந்து வாங்குபவருக்குக் கொடுத்த விலைக்குப் பயன் தரும். துணியின் அடிப்பகுதியை ஏறத்தாழ 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் புதைத்து மண்ணை இறுக்காவிட்டால் நீர் அடியில் புகுந்துவிடும். கம்புகளும் சரிவின் கீழ்ப்புறமே நிற்க வேண்டும். எங்களுக்கு விற்றவர் இவற்றைச் சொல்லவில்லை.

துணி வடிகட்டுவதைவிட, நீரைத் தேக்கி மணலைப் படியவைப்பதே அதிகம். நுண்துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் நான்கில் ஒன்றாகக் குறைவதால், பருமணல் தங்கிவிட, மாவு போன்ற கல்தூசி கலங்கல் நீரோடு கடந்துபோகிறது. அதற்குப் படிவுக் குட்டைதான் வேண்டும். நீர் ஒருமுகமாகப் பாயும் வாய்க்காலின் குறுக்கே இதைக் கட்டுவது வீண்செலவு (அங்கே கருங்கல் தடுப்பே நிற்கும்). தேங்கும் வண்டல், வேலி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டுமுன் அள்ளிவிட வேண்டும். துணி நெய்யப்படும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை வெயிலில் நைந்துபோகும் என்பதால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள்.