கேட்டகால் பாட்டில்: திறந்ததும் நிறத்தைப் பாருங்கள்

தாமிரக் காம்ப்ளக்ஸ் (தாமிர அயனியை வேறு மூலக்கூறுகள் பிடித்திருக்கும் சேர்மம்) செய்து, அது கேட்டகாலை ஆக்ஸிஜனேற்றும் கேட்டகால் ஆக்ஸிடேஸ் நொதி மாதிரி வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு 3,5-டைடெர்ட்பியூட்டைல்கேட்டகால் என்ற சோதனைப் பொருள் இல்லாமல் வேலை நகராது. நான் வாங்கியது 25 கிராம் பாட்டில், லேபிளில் 98 சதவீதம். மூன்று மாதம் பயன்படுத்தியாயிற்று.

முதலில் குறை. வெள்ளையாக இருக்க வேண்டிய தூள், ரோஸ் கலந்த பழுப்பில் ஓரமெல்லாம் கட்டி கட்டியாக இருந்தது. மெத்தனாலில் 10 மில்லிமோலார் கரைசல் போட்டு, காம்ப்ளக்ஸ் எதுவும் சேர்க்காமல் 400 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தேன்: 0.19. கேட்டகால் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து உண்டாகும் மஞ்சள் நிறக் குயினோன் உறிஞ்சும் இடம் அது. அதன் மோலார் உறிஞ்சல் அளவு சுமார் 1900 என்று வைத்தால், நூற்றில் ஒரு பங்கு பாட்டிலிலேயே குயினோனாகிவிட்டது என்று ஆகிறது. சரி, அதைக் கழித்துவிடலாம் என்று விட்டால், அரை மணி நேரத்தில் வெறும் கரைசலின் கோடே மெல்ல மேலே ஏறியது. இந்த ஏற்றத்தையும் காம்ப்ளக்ஸ் கணக்கில் எழுதினால் அது பொய். படத்துடன் நிறுவனத்துக்கு எழுதினேன். 98 சதவீதத்துக்குள்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கு அது பதிலே இல்லை.

சூடான ஹெக்ஸேனில் கரைத்து, வடிகட்டி, மெதுவாக ஆறவிட்டேன். வெள்ளைப் படிகம் இறங்கியது. புதுக் கரைசல் 0.01-இல் நின்று அசையவில்லை.

அதற்கப்புறம் இந்தப் பொருள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. இரண்டு பருத்த பியூட்டைல் கூட்டங்கள் காவல் நிற்பதால், உண்டான குயினோன் மேலும் வினைபுரிந்து பாலிமராகிக் குழம்புவதில்லை. நூறு மடங்கு கேட்டகாலுக்கு ஒரு மடங்கு என் இருதாமிரக் காம்ப்ளக்ஸை விட்டதும், வெளிர்பச்சைக் கரைசல் கண் முன்னே மஞ்சளாகி, பிறகு பழுப்பானது. 400-இல் பட்டை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படியாக உயர்ந்ததைப் பார்த்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். 1998-இல் வெளியான சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கேட்டகால் ஆக்ஸிடேஸின் படிக அமைப்பில் இரு தாமிரங்களும் 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில், ஆளுக்கு மூன்று ஹிஸ்டிடின் (ஒரு அமினோ அமிலம்) பிடியில் இருக்கின்றன. அந்த ஏற்பாட்டைச் சின்ன மூலக்கூறில் கொண்டுவரத்தானே இவ்வளவு பாடும்! ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நொதி ஆக்ஸிஜனை நீராக்கிவிடும். என் காம்ப்ளக்ஸ் ஹைட்ரஜன் பெராக்சைடில் நின்றுவிடுகிறது. அயோடைடு சேர்த்துப் பார்த்தபோது 353-இல் பட்டை எழுந்தது; பெராக்சைடு அயோடைடை ட்ரைஅயோடைடாக்குவதன் அடையாளம் அது.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், ஆனால் 5 கிராம் பாட்டிலாக. வந்த அன்றே மறுபடிகமாக்கி, பழுப்புக் கண்ணாடியில் நைட்ரஜன் நிரப்பி, குளிரில் வைப்பேன். காம்ப்ளக்ஸ் சேர்க்காத கரைசலையும் ஒவ்வொரு நாளும் கூடவே ஓட்டுவேன்.