சத்தம் அடங்கிய எஞ்சினும் எக்ஸோஸ்ட் வால்வும்

நான் நீண்ட காலமாக ஓட்டிவரும் 150 சிசி மோட்டார் சைக்கிளைப் போன்ற ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என்று தலவாக்கலையில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிய பின்பும் புதிய வண்டியின் விலை கைக்கு எட்டாததால் அவர் கேட்பது நியாயமே. என்னுடைய வண்டியின் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேற்பகுதியை, கழற்றிப் பூட்டி முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், பின்னால் ஆள் இருந்தாலும் திணறாமல் ஏறும். 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் மட்டும் வாங்க முடிந்த நாட்களிலும் என்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி இது.

என் கோபமெல்லாம் எக்ஸோஸ்ட் டெப்பட் மூடி அமைந்திருக்கும் இடத்தின் மீதுதான். எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் நெம்புக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும்; அதைத் திருத்தும் டெப்பட் திருகு இந்த மூடிக்குள்தான் இருக்கிறது. சேசியின் முன் குழாய் அந்த மூடிக்கு நேர் எதிரே இறங்குவதால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகட்டை நேராக நுழைக்க வழியில்லை. வளைத்துத்தான் செருக வேண்டும், வளைந்த தகடு காட்டும் அளவை நம்ப முடியாது. பெற்றோல் கலவை உள்ளே வரும் இன்டேக் பக்கமோ தாராளமாகத் திறந்திருக்கிறது. ஆகவே அவசரத்தில் வேலை செய்பவர்கள் இன்டேக்கைச் சரிபார்த்துவிட்டு, எக்ஸோஸ்ட்டைக் கைப்பழக்கத்தில் இறுக்கிவிடுகிறார்கள். நான் வண்டியை விட்ட இடத்தில், எஞ்சின் ஆறும்வரைகூடக் காத்திராமல் அதைச் செய்து, "சத்தமே இல்லை, நன்றாக இருக்கிறது" என்று சொல்லித் தந்தார்கள். டெப்பட் சத்தம் மெல்லியதாகக் கேட்பது இடைவெளி இருக்கிறது என்பதற்கான அடையாளம். அது அறவே அடங்கினால் சந்தேகப்பட வேண்டும்.

எக்ஸோஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் தான் அமரும் வளையமான சீட்டின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுமையாகச் சீட்டில் அமராது. எரிந்த சூடான வாயு அந்தச் சந்தில் கசிந்து வால்வின் விளிம்பை அரிக்கும். தாழ்ந்த கியரில் முழு திரொட்டிலுடன் நெடுநேரம் ஏறும் நம் மலைப்பாதைகளில் இந்தச் சேதம் விரைவாக நடந்துவிடும். என் வண்டியில் ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஐட்லில் எஞ்சின் அணைந்தது. பிறகு கிக் பெடலைக் கையால் அழுத்தினாலே எதிர்ப்பின்றி இறங்கியது; சிலிண்டருக்குள் அமுக்கம் (கம்பிரஷன்) நிற்கவில்லை.

கோளாறை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பிளக் துளை வழியாகச் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டுப் பார்த்தேன்; அமுக்கம் கூடியிருந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைச் சந்தேகித்திருப்பேன், கூடவில்லை. பிறகு பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் டியூப் வால்வு ஒன்றைப் பற்றவைத்துப் பூட்டினேன். பிஸ்டனைக் கம்பிரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, தம்பியைப் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுக் காற்றடித்தேன். காபரேட்டர் பக்கமும் எண்ணெய் ஊற்றும் துளையும் அமைதியாக இருந்தன. சைலன்சர் வாயில் காதை வைத்தபோது சீறல் தெளிவாகக் கேட்டது; கசிவு எக்ஸோஸ்ட் வால்வில்தான்.

முதலில் இடைவெளியை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குத் திருத்தினேன். சீறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனவே வால்வுகளை இயக்கும் கேம் செயின் உள்ளே விழாதபடி கம்பியால் கட்டிவிட்டு ஹெட்டைக் கழற்றினேன். வால்வின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கருமையாகப் புள்ளி புள்ளியாக அரிக்கப்பட்டிருந்தது. தண்டு நேராகவும் விளிம்பு தடிப்பாகவும் இருந்ததால் புதிய வால்வு தேவைப்படவில்லை. விளிம்பு மெலிந்தோ கருகியோ இருந்தால் அரைப்பதில் பயனில்லை. முதலில் பரும் அரைப்புப் பேஸ்ட், பின்பு நைஸ் பேஸ்ட் தடவி, வால்வில் ஒட்டிப் பிடிக்கும் உறிஞ்சும் கோலை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, இடையிடையே வால்வைத் தூக்கித் திருப்பி வைத்து அரைத்தேன். சாம்பல் நிற வளையம் ஒரே அகலத்தில், எங்கும் அறுபடாமல் சுற்றி வந்தபோது நிறுத்தினேன். பேஸ்டின் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவியபின், ஸ்பிரிங்கைப் பூட்டி எக்ஸோஸ்ட் வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தேன். எரியறைப் பக்கம் ஈரம் தட்டவில்லை. புதிய கேஸ்கட், கேம் குறிகளின் சீரமைப்பு, குறுக்காக இறுக்கிய நட்டுகள் ஆகியவை வழக்கமானவை. அரைத்த வால்வு சற்று ஆழமாக அமர்வதால் இடைவெளி மேலும் சுருங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒருமுறை சூடாக்கி முழுவதும் ஆறிய பின் மறுபடி அளந்தேன்.

வண்டி இப்போது முன்பைவிட நன்றாக ஏறுகிறது. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. மலைநாட்டில் ஓடும் வண்டியில் அடிக்கடி பார்க்க வேண்டிய இடத்தை இப்படிக் குழாய்க்குப் பின்னால் மறைத்து வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. அதன் உள்ளே என்ன நிலை என்பது எனக்குத் தெரியும். அவர் பார்க்கப்போகும் வண்டியின் எக்ஸோஸ்ட் வால்வை யார், எப்படி இறுக்கினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. மனம் கேளாமல் பார்க்கப் போனால், விடியற்காலையில், உரிமையாளர் எஞ்சினை இயக்கும் முன்பே போய், கிக் பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்கட்டும். கம்பிரஷனில் அது திடமாகத் தாங்கி நிற்காவிட்டால் விலை பேசவே வேண்டாம்.