ஒரு புட்டி வெட்டிவேர் மணம்

வாசனைத் திரவியத்தைத் தெளித்ததும் எழுந்தது எலுமிச்சை. எளிதில் ஆவியாகிற சரக்கு. பத்து நிமிடத்தில் ஓடிவிட்டது. பிறகுதான் வெட்டிவேர் மெல்லத் தலைகாட்டியது. ஈர மண்ணும் லேசான புகையும் கலந்த அந்த மணம் மணிக்கட்டிலிருந்து எழுந்ததும், சவரம் முடித்த அப்பா துண்டால் கன்னத்தை ஒற்றிக்கொள்வது அப்படியே கண்முன் நின்றது. என்ன வாசனை என்று யோசிக்குமுன்னே தொண்டை அடைத்துவிட்டது. பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்கிற இடைநிலையம் வழியாகச் செல்ல, வாசனை மட்டும் அங்கே நிற்காமல் உணர்ச்சிக்குரிய அமிக்டலாவை எட்டிவிடுகிறது. அதனால்தானோ என்னவோ இந்த அவசரம்.

புட்டிதான் படுமோசம். தெளிப்பான் ஒழுகி, சட்டைக் கையில் பழுப்புக் கறை. திட்டிக்கொண்டே கழற்றிப் போட்டேன். மறுநாள் காலையிலும் கறையில் மணம் இருந்தது. சட்டையை இன்னும் துவைக்கவில்லை.