ஹேஸா, ஹேவா?

'அவனுக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்.' இதை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் நம்மில் பலருக்கு நாக்கு தடுமாறும். தம்பிகள் இரண்டு பேர் ஆயிற்றே என்று 'ஹி ஹேவ் டூ பிரதர்ஸ்' என்று சொல்லிவிடுவோம். தமிழில் வினை தம்பிகளைப் பார்த்து முடிகிறது. ஆங்கில வினைக்குத் தம்பிகள் கண்ணிலேயே படுவதில்லை. எழுவாயை மட்டும்தான் பார்க்கும். அவன் ஒருவன், ஆகவே ஹேஸ். பத்துத் தம்பிகள் இருந்தாலும் ஹேஸ்தான்.

மறுபக்கம், 'தி பாய்ஸ் ஹேவ் எ பால்'. பந்து ஒன்றுதான், ஆனால் பையன்கள் பலர். அதனால் ஹேவ். ஐ, யூ இரண்டும் ஒருவரைக் குறித்தாலும் ஹேவ்தான். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஒரு வேடிக்கை. எஸ் என்ற எழுத்து பெயரில் ஒட்டினால் பன்மை, வினையில் ஒட்டினால் ஒருமை. பாய் ஹேஸ், பாய்ஸ் ஹேவ்: ஏதாவது ஒரு பக்கம்தான் எஸ். ஆனால் இதை முழுதாக நம்பவும் முடியாது. சில்ட்ரன் எஸ் இல்லாமலே பன்மை, நியூஸ் எஸ்ஸில் முடிந்தும் ஒருமை.

சரி, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' வந்தால்? பக்கத்தில் நிற்கும் ஃப்ரெண்ட்ஸ் ஹேவ் பக்கம் இழுக்கும், மசியக்கூடாது. பேச்சு அந்த ஒருவரைப் பற்றியது, எனவே ஹேஸ். அப்புறம் டஸ், கேன் முன்னால் வந்துவிட்டால் ஹேஸா ஹேவா என்ற கவலையே வேண்டாம், எப்போதும் ஹேவ்தான்: 'டஸ் ஹி ஹேவ் எ பென்?'